யானை என்னைப் பற்றி என்ன நினைக்கும்?

தம்பெரே
ஃபின்லாந்து
மே 24

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்த அன்றைக்கே சாந்தி கேசரி கிண்டிவிட்டாள். நம் கயல் இங்கே படிக்க வருகிறாள் என்றால் சும்மாவா? பிள்ளையைத் தாம்பரத்துக்கே தனியாக அனுப்பாதவன் நீ. தம்பெரேவுக்கு அனுப்பச் சம்மதித்தாயே, அதுதான் எனக்கு ஆச்சரியம். என் முட்டிவலி இப்போது தேவலை. தினமும் ஏரிக்கரையில் நடக்கிறேன். இரவு பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம், எத்தனை வருஷமானாலும் அதற்குமட்டும் உடம்பு பழக மறுக்கிறது.

கட்டணம், குளிர், விடுதி எல்லாம் கயலே விசாரித்திருப்பாள். நீ திரும்பத் திரும்பக் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: "ஆட்கள் எப்படி? உலகத்திலேயே சந்தோஷமான சனம் என்று பேப்பரில் போடுகிறானே, நிஜமா?" பதிமூன்று வருஷம் இருந்த தைரியத்தில் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் அவள் வந்து திருத்தட்டும்.

இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் சொல்வது "மொய்". விடைபெறும்போது "மொய் மொய்". வந்த புதிதில் சாந்தி, "என்னங்க, ஊரே மொய் கேட்குது, யார் வீட்டுக் கல்யாணம்?" என்று சிரிப்பாள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஆறு வருஷம் அந்த ஒரு மொய்யோடு சரி. லிஃப்ட் வாசலில் நான் நிற்பதைப் பார்த்தால் படியில் இறங்கிப் போய்விடுவார். நம் நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார் என்று நானும் மனசுக்குள் வைத்துப் புழுங்கினேன். பிறகுதான் தெரிந்தது, மேல்மாடியில் இருக்கும் சொந்த ஊர்க்காரருக்கும் அதே மரியாதைதான். கதவிலுள்ள துளை வழியாகப் பார்த்து, படிக்கட்டில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

அவர் வாய் திறந்தது ஒரு தல்கோத் நாளில். தல்கோத் என்றால் ஊர்கூடிச் செய்யும் கூலியில்லா வேலை. பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை, குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லாரும் சேர்ந்து முற்றத்தைப் பெருக்குவோம். வராதவர்களுக்கு அபராதம் கிடையாது, ஆனால் யார் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய ஜல்லி புல்லெல்லாம் சிதறிக் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளுவதற்கு நானும் அவரும் ஒரே தள்ளுவண்டிக்கு வாய்த்தோம். இரண்டு மணி நேரம் ஒரு பேச்சில்லை. வேலை முடிந்ததும் கரியடுப்பில் எல்லாருக்கும் சாசேஜ் சுட்டார்கள். அவர் தன் பையைத் திறந்து, அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு சோளக்கதிரை எடுத்து அடுப்பில் வைத்தார். எனக்காம். நான் கறி தின்பதில்லை என்பதை ஆறு வருஷமாகப் பேசாமலே கவனித்து வைத்திருக்கிறார்!

அந்தச் சோளத்தை நான் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்: "சுவோமியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" சுவோமி என்பது இவர்கள் ஃபின்லாந்துக்குத் தங்கள் பாஷையில் வைத்திருக்கும் பெயர். இந்தக் கேள்வியை இங்கே கேட்காத ஆளில்லை. டாக்ஸிக்காரர் கேட்பார், பல் வைத்தியர் வாயில் கருவியை வைத்துக்கொண்டே கேட்பார். நான் "நல்ல நாடு, நல்ல மக்கள்" என்று இழுத்தேன். அவர் ஒரு கதை சொன்னார். ஒரு ஜெர்மன்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு ஃபின்காரர், மூன்று பேரும் வழியில் ஒரு யானையைப் பார்க்கிறார்கள். இதை வைத்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்று யோசிக்கிறார் ஜெர்மன்காரர். எப்படிச் சமைத்தால் ருசிக்கும் என்று யோசிக்கிறார் பிரெஞ்சுக்காரர். ஃபின்காரர் யோசிக்கிறார்: "இந்த யானை என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. கோயில் யானையிடம் காசு கொடுத்துத் தலையில் தும்பிக்கை வைக்கச் சொல்லி வளர்ந்த நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அதே கதையை ஆபீஸில் கேட்டேன், சவுனா என்கிற வெந்நீராவிக் குளியலறையில் கேட்டேன், பிரெஞ்சுக்காரருக்குப் பதில் அமெரிக்கரை வைத்தும் கேட்டேன். கடைசி வரி மாறுவதேயில்லை.

ஏன் இப்படி? இவர்கள் யார் என்பதை ரொம்ப காலம் மற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அறுநூறு வருஷத்துக்குக் குறையாமல் ஸ்வீடன் ஆட்சி, 1809-லிருந்து ரஷ்யச் சக்கரவர்த்தி, 1917 டிசம்பர் 6-ல்தான் சுதந்திரம். படித்தவன் பேசியது ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் உழவன் பேச்சு. அந்தக் காலத்து வாசகம் ஒன்றை இன்றும் எடுத்துச் சொல்வார்கள்: "நாம் ஸ்வீடன்காரர்கள் இல்லை, ரஷ்யர்களாக ஆசையும் இல்லை, ஆகவே ஃபின்காரர்களாக இருப்போம்." பார்த்தாயா, தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் முதலில் வருவது இரண்டு பக்கத்து வீடுகளும்தான்.

அதைவிட உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பிய இனவியல் புத்தகங்களில் இவர்களை மங்கோலியர் என்று எழுதி வைத்திருந்தார்கள். 1908-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஃபின்காரர்கள் வெள்ளையர்கள் அல்ல, ஆகவே குடியுரிமை தரக்கூடாது என்று வழக்கே நடந்தது. நீதிபதி அதை ஏற்கவில்லை. 1934-ல் எஸ்தர் தொய்வோனென் என்ற பெண் ஐரோப்பிய அழகிப் பட்டம் வென்றபோது நாடே துள்ளிக் குதித்ததாம். அழகுக்காக மட்டுமல்ல, "இப்போதாவது எங்களை ஐரோப்பியர் என்று ஒப்புக்கொள்வீர்களா" என்ற ஆத்திரமும் அதில் உண்டு. பிறகு 1952. அந்த வருஷம் தலைநகர் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக், முதல் பிரபஞ்ச அழகி ஆர்மி குசேலா, இரண்டாம் உலகப்போருக்காகச் சோவியத்துக்குக் கட்ட வேண்டிய இழப்பீட்டின் கடைசித் தவணை, மூன்றும் ஒன்றாக. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வயதானவர்களுக்கு முகம் கல்யாண ஆல்பம் புரட்டுவது போல ஆகிவிடும். கடனைக் கடைசிக் காசுவரை கட்டியவர்கள் என்பதில் இவர்களுக்கு இருக்கும் பெருமை, ஒலிம்பிக் நடத்தியதில்கூட இல்லை.

சிஸு என்ற சொல்லை நீயும் எங்கேயாவது படித்திருப்பாய். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. 1939-40 குளிர்காலத்தில் சோவியத் படையை 105 நாள் தாக்குப்பிடித்த கதையோடு சேர்த்துத்தான் அதைச் சொல்வார்கள். ஆனால் அதே நாட்டில் 1918-ல் சிவப்பர் (தொழிலாளர் பக்கம்), வெள்ளையர் (அரசுப் பக்கம்) என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் கொன்றதில் 36,000 பேருக்கு மேல் செத்தார்கள். சண்டையில் செத்ததைவிடச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் கைதி முகாம்களில் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்களும்தான் அதிகம். பெரிய சண்டை நடந்தது இந்தத் தம்பெரேவில்தான். அதைப் பற்றி யாரும் தானாகப் பேச மாட்டார்கள். எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஊரில், வாயை மூடிக்கொண்டிருப்பது ஒருவிதமான நாகரிகமாகவே இருந்திருக்கும்.

சந்தோஷ விஷயத்துக்கு வருகிறேன். உலக மகிழ்ச்சி ஆய்வில் 2018-லிருந்து 2025 வரை எட்டு முறை தொடர்ந்து முதலிடம். ஆபீஸில் அந்தச் செய்தி வரும் நாளைப் பார்க்க வேண்டுமே! மார்ச் மாதம், வெளியே கறுத்துப்போன பனி, காபி மெஷின் பக்கத்தில் ஒருவர் செய்தியைப் படிக்கிறார். இன்னொருவர், "நாமே முதலிடம் என்றால் மற்ற நாட்டுக்காரர்கள் பாவம் என்ன பாடு படுகிறார்களோ" என்கிறார். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஆய்வில் நீ எத்தனை முறை சிரித்தாய் என்று கேட்பதில்லை. உன் வாழ்க்கை ஒரு ஏணி, பத்துப் படி என்று வைத்துக்கொள், எத்தனையாவது படியில் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். இவர்கள் ஏழே முக்கால் என்கிறார்கள். வேலை போனாலும் உடம்பு முடியாமல் போனாலும் தெருவில் நிற்க மாட்டோம் என்று தெரிந்தவனின் பதில் அது. சிரிப்புக் கணக்கு எடுத்தால் நம் தெருமுனை டீக்கடை ஜெயித்துவிடும்.

இருந்தாலும் வெளிநாட்டுப் பத்திரிகையில் ஃபின்லாந்து என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், இணையத்தில் உடனே எழுதுவார்கள்: "சுவோமி மைனித்து! தோரில்லா தவத்தான்!" சுவோமி பெயர் அடிபட்டுவிட்டது, சந்தைத் திடலில் கூடுவோம் என்று அர்த்தம். 1995-ல் ஸ்வீடனை அவர்கள் மண்ணிலேயே பனி ஹாக்கியில் தோற்கடித்து உலகக் கோப்பை வாங்கியபோது ஹெல்சிங்கியில் உண்மையாகவே அப்படித்தான் திரண்டார்கள். இப்போது அது தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் வாசகம். கேலிதான், ஆனால் பெயர் வந்ததா என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பெருமை அடித்துக்கொள்வது மட்டும் ஆகவே ஆகாது. நான் ஆறு மாதம் மண்டையை உடைத்துப் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு மேலாளர், "மோசமில்லை" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் பக்கத்து மேஜைக்காரன் சொல்கிறான், "டேய், அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது." நவம்பரில் ஒருநாள் ஊரில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற வரி விவரம் வெளியாகும். பத்திரிகைகள் பெரிய வருமானக்காரர்களின் பட்டியலைப் போடும். அந்த நாளுக்கு இவர்களே வைத்த பட்டப்பெயர் பொறாமை நாள். பணம் இருப்பது குற்றமில்லை, அது வெளியே தெரிகிற மாதிரி நடந்துகொள்வதுதான் குற்றம்.

இனி எழுதப் போவதைக் கயலும் படிக்கட்டும். ஒருமுறை பேருந்தில் குடித்திருந்த ஒருவன் சாந்தியைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்று கத்தினான். இருபது பேர் இருந்தார்கள், இருபது பேரும் கைபேசியைப் பார்த்தார்கள். இறங்கியதும் ஒரு அம்மாள் பின்னாலேயே ஓடி வந்து, கண்ணில் நீரோடு, "நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அதை உள்ளே இருக்கும்போது அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று சாந்தி இன்றைக்கும் சொல்கிறாள். ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், தகுதியில் வித்தியாசம் இல்லாத வேலை விண்ணப்பங்களை ஐந்து இனத்துப் பெயர்களில் ஆயிரம் ஆயிரமாக அனுப்பிப் பார்த்தார். ஃபின்னிஷ் பெயருக்கு 390 அழைப்பு, சோமாலியப் பெயருக்கு 99. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமை அமைப்பு 12 நாடுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரைக் கேட்டபோதும், இனவெறித் தொல்லைக்கு ஆளானோம் என்று அதிகம் பேர், 63 சதவீதம், சொன்னது இங்கேதான். செய்தி வந்ததும் பலர் முதலில் கவலைப்பட்டது, உலகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று. யானைக் கதைதான். நேர்மையானவர்கள், எல்லாரும் சமம் என்பவர்கள் என்று தங்களைப் பற்றி வைத்திருக்கும் படம் பொய்யில்லை. 2013-ல் ஒரு பத்திரிகை ஹெல்சிங்கியில் வேண்டுமென்றே தொலைத்த 12 மணிபர்ஸில் 11 திரும்பி வந்தது. அந்தப் படம் உண்மை என்பதால்தான் அதிலுள்ள விரிசலைக் காட்டினால் நம்ப மறுக்கிறார்கள்.

எதிர்வீட்டுக்காரரிடம் பேருந்து விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, அவர் அம்மா போருக்குப் பின், சோவியத் வசம் போன கரேலியாப் பகுதியிலிருந்து வந்த நாலு லட்சத்துச் சொச்சம் அகதிகளில் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் ரஷ்யக்காரி என்று திட்டினார்கள் என்றார். அவளும் ஃபின்காரிதான், இதே பாஷைதான். அம்மா அதை மகனிடம் சொன்னதே எண்பது வயதுக்கு மேல்தானாம்.

கயலிடம் இரண்டு மூன்று சொல். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "சார்" என்றால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். யாராவது பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கோபம் என்று அர்த்தமில்லை. சுவோமி எப்படி என்று கேட்டால் மேலே வைத்துப் புகழவும் வேண்டாம், முதல் நாளே குறை சொல்லவும் வேண்டாம். குறையை அவர்கள் சொல்வார்கள், அப்போது கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பருப்புப்பொடி ஒரு கிலோ, கருவேப்பிலைப் பொடி அரைக் கிலோ, சாந்தியின் உத்தரவு. தொலைந்துபோன என் செருப்புத் தைக்கும் ஊசி அங்கே கிடைத்தால் அதுவும்.

ஆகஸ்டில் ஒரு பெண் வருகிறாள், எங்கள் ஊர்ப் பிள்ளை என்று எதிர்வீட்டுக்காரரிடம் நேற்று சொன்னேன். லிஃப்ட் வந்து நின்றது, அவர் ஏறவில்லை. "எங்களைப் பற்றி அங்கே என்ன சொல்கிறார்கள்?" என்றார். உன் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டி, உங்கள் நாட்டைப் பற்றியே இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறான் என்றேன். தமிழ் எழுத்தை உற்றுப் பார்த்தார். சுவோமி எங்கே என்று கேட்டார். ஃபின்லாந்து என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். "தோரில்லா தவத்தான்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அப்புறம் படியில் இறங்கிப் போய்விட்டார்.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது.

உன்
ராமநாதன்