வாடகை மைதானத்தில் ஒரு சீசன்

வார்சா, 2023 ஆகஸ்ட் கடைசி வாரம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஒன்பது மாதமாக என் நாற்காலி முதுகில் ஒரு ஸ்கார்ஃப் தொங்குகிறது. ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட கம்பளி ஸ்கார்ஃப். ஓரத்தில் இரண்டு இடத்தில் நூல் பிரிந்திருக்கும். அது என்னுடையது இல்லை. இரவல் கொடுத்தவருக்கு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தால், அவருக்கு முன்னால் சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வருகிறார்கள். உக்ரைன் கால்பந்து கிளப்பான ஷக்தார் டொனெட்ஸ்கின் 2022-23 சீசனை நான் பார்த்ததற்கும், முதலில் அப்படி ஒரு சீசன் நடந்ததற்குமே, யார் யாரோ காரணம்.

உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை. என் ரஷ்ய மொழி மெட்ரோவில் வழி கேட்கவும், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று விசாரிக்கவும்தான் போதும். இந்த மாதிரி விஷயத்துக்குத் தமிழ்தான் வருகிறது. உக்ரைனின் கார்கிவ் நகரில் என்னோடு மருத்துவம் படித்த நம் பேட்ச்காரர்கள் படிப்பீர்கள், தெரிந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் நன்றி தேனிக்கார சீனியர் அண்ணனுக்கு. 2017 டிசம்பர் 6. நான் இரண்டாம் ஆண்டு மாணவி. "மான்செஸ்டர் சிட்டி நம்ம ஊருக்கு வருது, நீ ரூம்ல உக்காந்து எலும்பை எண்ணிக்கிட்டிருக்கியே" என்று திட்டிவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்த ஒரு டிக்கெட்டைக் கையில் திணித்தார். ஸ்போர்டிவ்னா மெட்ரோவில் இறங்கி, மெட்டலிஸ்ட் ஸ்டேடியம்வரை கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். அந்த சீசனில் அதுவரை தோற்காத சிட்டியை, பெர்னார்டும் இஸ்மாய்லியும் அடித்த கோல்களால் ஷக்தார் 2-1 என்று சாய்த்தது. அடுத்த சுற்றுக்குப் போனால் ஸோரோ வேஷம் போடுவேன் என்று சொல்லியிருந்த பயிற்சியாளர் பாவ்லோ ஃபொன்செகா, நிஜமாகவே கறுப்பு முகமூடியோடு பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார். அப்புறம் எனக்கு வேறு அணி ஏது?

டொனெட்ஸ்க் அணிக்குக் கார்கிவில் என்ன வேலை என்று அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் கேட்டேன். ஷக்தார் என்றால் சுரங்கத் தொழிலாளி. நிலக்கரி ஊரின் அணி. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் டொன்பாஸ் அரீனாவை 2009-இல் திறந்தார்கள். 2012 யூரோ கோப்பையில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மோதிய அரையிறுதி அங்கேதான் நடந்தது. 2014-இல் சண்டை மூண்டதும் அணி ஊரைவிட்டுக் கிளம்பியது, இன்றுவரை திரும்பவில்லை. முதலில் லிவிவ், பிறகு கார்கிவ், பிறகு கீவ். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன குடும்பம் மாதிரி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்ததும் எங்கள் முறை வந்தது. மெட்ரோ நிலையத்தில் ஆறு இரவு, அப்புறம் நின்றுகொண்டே லிவிவ்வரை ரயில், அங்கிருந்து எல்லைக்கு. அதை விரிவாக எழுத இது இடமில்லை. ஹாஸ்டல் வாசலில் காவலுக்கு உட்காரும் பாட்டியை மட்டும் சொல்லாமல் விட முடியாது. ஐந்தரை வருஷம், பத்து மணிக்கு மேல் வந்தால் எங்களைக் கத்தித் தீர்த்தவர். நாங்கள் கிளம்பிய அன்று ஒவ்வொருவர் கையிலும் இரண்டு அவித்த முட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவர் கிளம்பவில்லை. நன்றி, பாட்டி.

கடைசி செமஸ்டரை ஆன்லைனில் முடித்தேன். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது வார்சாவில். நான் வந்து இறங்கிய அதே இலையுதிர்காலத்தில் ஷக்தாரும் இங்கே வந்து சேர்ந்தது. நான் துரத்திக்கொண்டு வரவில்லை, சத்தியமாக. அதற்குப் பின்னால் பல பேர் இருக்கிறார்கள். போர் வெடித்ததும் அகாடமிச் சிறுவர்களுக்குக் குரோஷியாவில் ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப் இடம் கொடுத்தது. அதற்காக ஓடியாடியவர் முன்னாள் கேப்டன் டாரியோ ஸ்ர்னா. சாம்பியன்ஸ் லீக் முதலான ஐரோப்பிய ஆட்டங்களுக்கு வார்சாவின் லெகியா கிளப் தன் மைதானத்தைக் கொடுத்தது. உக்ரைனில் விமானமே பறக்காததால், வீரர்கள் பஸ்ஸில் போலந்து எல்லையைத் தாண்டி வந்து, அங்கிருந்துதான் விமானம் பிடித்தார்கள். லீக் ஆட்டம் முடிந்த அலுப்போடு இரவெல்லாம் பயணம், வந்து இறங்கினால் எதிரில் ரியல் மாட்ரிட். அந்த பஸ் ஓட்டுநர்களின் பெயர் எந்த ஸ்கோர் கார்டிலும் வராது, அதனால்தான் அவர்களை இங்கே சொல்கிறேன்.

உள்நாட்டு லீக் நடந்ததே பெரிய விஷயம். 2022 ஆகஸ்ட் 23 அன்று கீவ் ஒலிம்பிக் மைதானத்தில் ஷக்தாரும் மெட்டலிஸ்ட் 1925-உம் ஆடிய 0-0 ஆட்டத்தோடு தொடங்கினார்கள். பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. சைரன் ஒலித்தால் ஆட்டம் நிற்கும், எல்லோரும் பதுங்கிடத்துக்குப் போக வேண்டும், ஓய்ந்ததும் விட்ட நிமிடத்திலிருந்து தொடரும். அடுத்த நாளே லிவிவில் ரூக் அணிக்கும் மெட்டலிஸ்ட் என்றே பெயருள்ள வேறொரு அணிக்கும் நடந்த ஆட்டம் இப்படி நின்று நின்று நாலரை மணி நேரம் இழுத்தது. மரியுபோல் அணியும் செர்னிஹிவின் டெஸ்னா அணியும் வரவே முடியவில்லை. வானத்தைக் காவல் காத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த லீக்கைப் பற்றிப் பேசவே முடியாது. போன சீசன்வரை கேலரியில் முரசு அடித்த ரசிகர்களும் அவர்களில் உண்டு.

வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்துவிட்டு வேறு அணிக்குப் போகலாம் என்று ஃபிஃபா சொன்னதால், பிரேசில்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் கிளம்பி வந்தவள்தானே. இருந்த உக்ரைன் பையன்களை வைத்து அணி கட்டிய பயிற்சியாளர் இகோர் யொவிசெவிச்சுக்கு நன்றி. குரோஷியாக்காரர், ஒரு காலத்தில் லிவிவில் ஆடியவர். இப்போது அவர் கிளப்பில் இல்லை. சாம்பியன்ஸ் லீக் முதல் சுற்றில், செப்டம்பர் 6 அன்று லைப்ஸிக் ஊருக்கே போய் 4-1 என்று அடித்தோம். ஷ்வெட் இரண்டு, முட்ரிக் ஒன்று, ட்ராவோரே ஒன்று. மறுநாளே லைப்ஸிக் தன் பயிற்சியாளரை வேலையைவிட்டுத் தூக்கியது. அவருக்கு மட்டும் என் வருத்தங்கள்.

அக்டோபர் 11-ஐக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் கீவ் உட்பட நாடு முழுக்க ஏவுகணைகள் விழுந்தன. மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு வார்சாவில் ரியல் மாட்ரிட்டோடு ஆட்டம். எனக்கு முன் வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண். கையில் போன், திரையில் உக்ரைன் வரைபடம். எச்சரிக்கை உள்ள மாகாணங்கள் சிவப்பாகும். பந்து நம் பக்கம் வந்தால் மைதானத்தைப் பார்ப்பார், எதிர்ப்பக்கம் போனால் போனைப் பார்ப்பார். இடைவேளை முடிந்து உட்காருவதற்குள் ஸுப்கோவ் தலையால் முட்டிக் கோல். அந்தப் பெண் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார், அது என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். திரை விரிசல் விட்டிருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூடுதலாகக் கொடுத்த நேரத்தின் ஐந்தாவது நிமிடம்வரை நாம்தான் முன்னிலை. அப்புறம் மாட்ரிட்டின் ருடிகர் வந்து மோதினார். கோல் கீப்பர் ட்ரூபினோடு இடித்து, முகமெல்லாம் ரத்தம் வழிய வழிய சமன் செய்தார். 1-1. டாக்டருக்குப் படித்தவள் ரத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அனுதாபமும் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு நிமிடம் தாக்குப்பிடித்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நன்றி. போனுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

செல்டிக்கோடு இரண்டும் 1-1. அந்தச் சுற்றின் கடைசி ஆட்டம் நவம்பர் 2, மறுபடி லைப்ஸிக், இந்த முறை வார்சாவில். நான் மெல்லிய ஜாக்கெட்டோடு போய் நடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தன் ஸ்கார்ஃபைக் கழற்றி என் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். 2014-இல் டொனெட்ஸ்கைவிட்டு வந்தவராம். டொன்பாஸ் அரீனாவில் எந்த ஸ்டாண்டில் உட்காருவார், ஆட்டம் முடிந்ததும் எந்த வாசல் வழியாக வெளியே வருவார் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். கோல் மேல் கோலாக வாங்கிக்கொண்டிருந்தோம். நாலாவதும் விழுந்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். ஸ்கார்ஃப் என் கழுத்தில். படியிறங்கி ஓடிப் பார்த்தேன். கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆறு புள்ளிகள், குழுவில் மூன்றாம் இடம், அதனால் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் வாய்ப்பு. நடுவில் ஜனவரியில் முட்ரிக் செல்சிக்குப் போனார். உரிமையாளர் ரினாத் அக்மெடோவ், அந்தச் சமயத்தில் மரியுபோலைக் காத்த வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாக 2.5 கோடி டாலர் ஒதுக்கினார். பணக்காரர்கள் கொடுப்பதைப் பற்றி எனக்கு எப்போதும் இரண்டு மனசு. ஆனால் அந்தப் பணம் போகிற இடத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் பிரான்சின் ரென். வார்சாவில் 2-1 ஜெயித்தோம். ஆளுக்கு ஆள் தலையைத் திருப்பி அந்த அம்மாவைத் தேடியதில் பாதி ஆட்டத்தைக் கோட்டைவிட்டேன். 23-ஆம் தேதி இரண்டாம் ஆட்டத்தை ரூம்மேட்டோடு லேப்டாப்பில் பார்த்தேன். அவள் கார்கிவ்காரி, காலை ஆறு மணிக்குப் பேக்கரி வேலை. கூடுதல் நேரத்தில், இரண்டு ஆட்டத்தையும் சேர்த்த கணக்கில் ரென் முன்னிலை, இன்னும் ஒரு நிமிடம்தான். அப்போது ரென் அணியின் இளம் தடுப்பாட்டக்காரர் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டார். தம்பி, உனக்கும் நன்றி, உண்மையாகவே. பெனால்ட்டிகளில் ட்ரூபின் மூன்றைத் தடுத்தார், 5-4. ட்ரூபின் டொனெட்ஸ்க் பையன். இப்போது பென்ஃபிகாவில் இருக்கிறார். கத்தக் கூடாதென்று இருவரும் தலையணையை வாயில் வைத்துக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டாகப் போகிறது. தேதி மாறினால் போர் தொடங்கி ஒரு வருஷம். அவள் தூங்கப் போகவில்லை, டீ போட்டாள். கீழ்வீட்டுத் தாத்தா மறுநாள் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி.

அடுத்த சுற்றில் நெதர்லாந்தின் ஃபெயனூர்டுடன் வார்சாவில் 1-1, ராட்டர்டாமில் 1-7. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மே 28 அன்று லிவிவில் ட்னிப்ரோ-1 அணியை 3-0 என்று வென்று லீக் பட்டத்தை எடுத்தோம். பதினாலாவது பட்டம். டொனெட்ஸ்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. தேனி அண்ணன் இப்போது ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வார்டிலிருந்தே மெசேஜ் போட்டார்: "டிக்கெட் காசு இன்னும் தரல நீ."

அடுத்த மாதம் சாம்பியன்ஸ் லீக் மறுபடி தொடங்குகிறது. இந்த முறை ஷக்தாரின் சொந்த மைதானம் ஹாம்பர்கில். வார்சாக்காரர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். போர்ட்டோ ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

அம்மா, உங்கள் பெயரைக் கேட்க விட்டுவிட்டேன். சாம்பல் நிறக் குல்லாய், இடது கையில் கட்டைவிரல் ஓரம் தைத்த கையுறை, வெள்ளரி விதையைப் போலச் சூரியகாந்தி விதையை நுனிப்பல்லால் உடைப்பீர்கள். இவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஸ்கார்ஃபைத் துவைத்து வைத்திருக்கிறேன், பிரிந்த நூலையும் ஆரஞ்சு கம்பளியால் தைத்துவிட்டேன். நிறம் கொஞ்சம் ஒத்துப்போகவில்லை. செப்டம்பர் 19 அன்று ஹாம்பர்கில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் நிற்பேன், அடையாளம் தெரியும்.

நன்றியுடன்,
கார்கிவில் படித்த ஒரு ஷக்தார் ரசிகை