வசனம் கேக்கலைன்னா எங்களை மட்டும் திட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் வாசகர் ஒருத்தர், தியேட்டர்ல பாட்டு காதைக் கிழிக்குது, வசனம் மட்டும் புரியல, சவுண்ட் இன்ஜினியர் தூங்கிட்டாரான்னு கேட்டிருந்தார். நான் சாலிகிராமத்துல பத்து வருஷமா ஃபோலி (படத்துல வர்ற காலடி, கொலுசு மாதிரி சத்தத்தை ஸ்டூடியோல தனியா செஞ்சு பதியறது), மிக்ஸிங் (வசனம், இசை, மத்த சத்தம் எல்லாத்தையும் அளவா சேர்க்கறது)னு இந்த வேலைலதான் கிடக்கேன், பாதி தப்பு எங்க மேல இல்ல சார்.

நாங்க மிக்ஸ் பண்ற ரூம்ல, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஃபேடர் 7-ல இருக்கும், அதுதான் பொதுவா வெச்சிருக்கற அளவு, ஆனா தியேட்டர்ல ரெண்டு பேர் சத்தம் ஜாஸ்தின்னா போதும், உடனே 4, 5-க்கு இறக்கிடறாங்க, குண்டு வெடிக்கறது அப்பவும் கேக்கும், மெதுவா பேசற வசனம் ஏசி சத்தத்துலயே முங்கிடும். 5.1-ல (சத்தத்தை ஆறு சேனலா பிரிச்சுத் தர்ற முறை) வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாடி நடு ஸ்பீக்கர்லதான் வருது, அது மக்கர் பண்ணா கதை கந்தல். ஒரு தியேட்டர்ல நானே போய்க் கேட்டேன், "போன தீபாவளிலேர்ந்தே அப்படித்தான் அண்ணே"ங்கறார் ஆபரேட்டர் தம்பி!

எங்க பக்கமும் தப்பு இருக்கு, ஒத்துக்கறேன். கடைசி நாள் வரைக்கும் பின்னணி இசை வந்துட்டே இருக்கும், கொலுசு, சேலை சரசரப்பு, தேங்கா சிரட்டைய தட்டி எடுத்த குதிரைக் குளம்புன்னு வாரக்கணக்கா செஞ்சதெல்லாம் ஒரே ராத்திரில இசைக்கு அடியில புதைஞ்சிடும். சவுண்ட் டிசைனர் ரசூல் பூக்குட்டி 2009-ல சவுண்ட் மிக்ஸிங்குக்கு ஆஸ்கர் வாங்கினப்ப எல்லாரும் கைதட்டினாங்க, மிக்ஸிங்குக்கு இன்னும் நாலு நாள் கேட்டா மட்டும் மூஞ்சி மாறிடுது.

அடுத்த தடவை இடைவேளைல பாப்கார்ன் வாங்கப் போறப்ப, ஃபேடர் எத்தனைல இருக்குன்னும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

இப்படிக்கு,
ஒரு ஃபோலி கலைஞன், சென்னை