எட்டாம் எண்ணும் எட்டாம் தொகுதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் இல்லினாய் மாநிலத்தின் எட்டாவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி இடம்பெறும்போதெல்லாம், தமிழ் வம்சாவளியினரான ஜனநாயகக் கட்சியின் ராஜா கிருஷ்ணமூர்த்தி தொடர்ந்து வென்ற தொகுதி என்ற ஒற்றை அடைமொழியோடு தங்கள் நாளிதழ் நிறுத்திக்கொள்கிறது. சிகாகோவின் வடமேற்குப் புறநகரான ஷாம்பர்க்கில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில், அந்தத் தொகுதியின் கதையை ஒரு தமிழ்ப் பெயரில் தொடங்கி அதே பெயரில் முடிப்பது வாசகர்களுக்குக் குறையான சித்திரத்தையே தரும் என்று கருதி இதை எழுதுகிறேன். அங்கே யார் வென்றார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு முறையும் தொகுதியின் எல்லை எங்கே ஓடியது என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள் மாநிலங்களுக்கிடையே மறுபடி பங்கிடப்பட்டு, தொகுதிகள் புதிதாக வரையப்படுகின்றன. இல்லினாயில் அந்தப் பொறுப்பு மாநிலச் சட்டமன்றத்தினுடையது. மக்கள்தொகை வளர்ச்சியில் பின்தங்கிய அம்மாநிலத்தின் இடங்கள் 1990 கணக்கெடுப்புக்குப் பின் 22இலிருந்து 20 ஆகவும், அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் 19, 18, 17 என்றும் சுருங்கின. ஓர் இடம் குறைந்தாலே மாநிலம் முழுவதும் எல்லைகள் நகரும். எண்களும் இடம் மாறலாம்.

எட்டாம் எண்ணுக்கு நேர்ந்தது அதுதான். 1959 முதல் 1993 வரை எட்டாம் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் டான் ராஸ்டென்கோவ்ஸ்கி. சிகாகோ நகர ஜனநாயகக் கட்சியின் பெருந்தலைகளில் ஒருவரான அவர், வரிச் சட்டங்களை உருவாக்கும் சபைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். 1992 தேர்தலுக்கான புதிய வரைபடத்தில் அவர் ஐந்தாம் தொகுதிக்குப் போனார். எட்டு என்ற எண், குடியரசுக் கட்சியின் பிலிப் கிரேன் பன்னிரண்டாம் தொகுதி என்ற பெயரில் வைத்திருந்த புறநகர்ப் பகுதிக்கு வந்தது. வென்றவர்களின் பட்டியலை மட்டும் பார்ப்பவர், 34 ஆண்டுகள் ஜனநாயகக் கட்சியை ஆதரித்த மக்கள் திடீரென்று மனம் மாறிவிட்டார்கள் என்றே எண்ணுவார். உண்மையில் ஒரு வாக்காளரும் மனம் மாறியிருக்கத் தேவையில்லை.

மக்கள் மனம் மாறியதற்குச் சான்று வேண்டுமானால் 2004ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் நிக்சன் அரசில் சேர்வதற்காகக் காலி செய்த இடத்துக்கு 1969இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று சபைக்கு வந்தவர் கிரேன். 2004இல் சபையிலேயே நீண்ட காலம் பணியாற்றி வந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் அவர்தான். 2002இல் அவரிடம் தோற்ற ஜனநாயகக் கட்சியின் மெலிசா பீன், தொகுதியை அவர் மறந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டை வீடு வீடாகக் கொண்டுசென்று, அடுத்த தேர்தலில் சுமார் 52 விழுக்காடு வாக்குகளுடன் அவரை வீழ்த்தினார். அதே நாளில் அதே தொகுதியில் அதிபர் பதவிக்கு ஜார்ஜ் புஷ்ஷே முந்தினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வெற்றியின் அருமை விளங்கும். 2002, 2004 ஆகிய இரண்டு தேர்தல்களுக்கும் எல்லைகள் ஒன்றே. மாறியது வாக்காளர்களின் தீர்ப்பு. இந்தத் தொகுதியின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் தேர்தல் அதுவே.

பீன் மூன்று முறை வென்ற பின், குடியரசுக் கட்சிக்கு ஆதரவாக வீசிய 2010 அலையில், வரியையும் அரசுச் செலவையும் குறைக்கக் கோரிய டீ பார்ட்டி இயக்கத்தின் ஆதரவு பெற்ற அக்கட்சியின் ஜோ வால்ஷிடம் 300க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். ஏறத்தாழ இரண்டு லட்சம் வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில் பசுமைக் கட்சி வேட்பாளர் பெற்றவை ஆறாயிரத்துக்கும் மேல். முடிவு உறுதியாக இரண்டு வாரம் ஆயிற்று.

ஆனால் வால்ஷை அடுத்து வீழ்த்தியதில் வாக்காளருக்கு முன்பே வரைபடத்துக்குப் பங்கு இருந்தது. 2011இல் சட்டமன்றமும் ஆளுநர் பதவியும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தபோது வரையப்பட்ட எல்லைகள், விஸ்கான்சின் எல்லை வரை நீண்டிருந்த பழைய எட்டாம் தொகுதியைக் கலைத்து, ஷாம்பர்க், எல்ஜின் ஆகிய ஊர்களைச் சுற்றிப் புதிதாக ஒன்றை அமைத்தன. வால்ஷின் வீடே பதினான்காம் தொகுதிக்குள் போய்விட்டது. புதிய தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் மோதிய இருவர், ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த டாமி டக்வொர்த்தும் ராஜா கிருஷ்ணமூர்த்தியும். கிருஷ்ணமூர்த்தி அன்று பெருந்தோல்வி அடைந்தார்; டக்வொர்த் வால்ஷையும் வென்றார். தமிழ் ஏடுகள் பெரும்பாலும் குறிப்பிடாத இந்தத் தோல்விதான், 2016இல் டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிட்டபோது காலியான இடத்துக்குக் கிருஷ்ணமூர்த்தியை ஆயத்தமாக்கியது என்பது என் கணிப்பு.

அவர் 2016இல் சுமார் 58 விழுக்காடு பெற்றார். டிரம்ப் எதிர்ப்பு அலை வீசிய 2018இல் அது 66 ஆயிற்று. அப்போது அவரை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளரும் இந்திய வம்சாவளியினரே. 2020இல் குடியரசுக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. எல்லைகள் மீண்டும் மாறிய பின் 2022இலும் 2024இலும் சுமார் 57 விழுக்காடு. கணிசமான ஆசிய, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் வாழும் அத்தொகுதியில் தமிழர்கள் மிகச் சிறிய பகுதியினர். தமிழர் வாக்குகளால் வந்த வெற்றி என்று எழுதுவது, அவரைத் தேர்ந்தெடுத்த மற்றவர்களின் தீர்ப்பை மறைப்பதாகும். அவருடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அவருக்கு உகந்த களத்தை அவருடைய கட்சியே வரைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்; வேறு மாநிலங்களில் மற்றக் கட்சி இதையே செய்யும்போது கண்டிக்கும் நாம் இங்கு மௌனம் காப்பது முறையாகாது. கட்சி நலனுக்காக எல்லை வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, இதைக் கவனிக்கும் பொறுப்பு பத்திரிகைகளுக்குக் கூடியிருக்கிறது.

செனட் பதவியை நாடிய கிருஷ்ணமூர்த்தி 2026இல் இந்தத் தொகுதியில் நிற்கவில்லை. ஆகவே இனி வரும் செய்திகளில், வென்றவரின் பெயரோடு முந்தைய தேர்தலின் வாக்கு விழுக்காட்டையும், தொகுதியின் எல்லை கடைசியாக எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்பதையும் ஒரு வரியிலாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இயன்றால், 2001, 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் வரையப்பட்ட மூன்று எல்லைகளையும் அருகருகே காட்டும் சிறு வரைபடம் ஒன்றையும் அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்