அரிசி மூட்டைக்கு ஒரு கூரை வேண்டும்

ரேஷன் அரிசியை ரயிலில் கொண்டுவந்து கிடங்கில் சேர்க்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் வடசென்னைக் கொருக்குப்பேட்டைக்காரி. அப்பா முப்பது வருஷம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். மூட்டையைத் தோளில் வாங்கும்போதே நனைந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பார். நனைந்த சாக்கு கழுத்தில் ஜில்லென்று ஒட்டுமாம்.

போன ஐப்பசியில் வடசென்னையில் சரக்கு இறங்கும் ஓர் இடத்தில் அதை நானே தொட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து மழை. வேகனிலிருந்து இறக்கிய மூட்டைகளைத் திறந்த மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டிருந்தார்கள். மேலே தார்ப்பாய் இருந்தது. அடியில் மரச்சட்டம் இல்லை. தண்ணீர் தரையோடு ஓடிவந்து அடி வரிசைக்குள் புகுந்தது. சணல் சாக்கு விளக்குத் திரி மாதிரி, ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே போகும். கொக்கி குத்திய ஓட்டையில் விரலை விட்டேன். புழுங்கல் அரிசி கட்டியாக வந்து உள்ளங்கையில் ஒட்டியது. அதற்குள்ளாகவே மக்கிய வாடை.

இறக்கும் தொழிலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த நேரத்துக்குள் வேகன் காலியாக வேண்டும், தவறினால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம். லாரியோ வந்து சேரவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வேகனுக்கும் லாரிக்கும் நடுவில் அரிசிதான் மழையில் நிற்கிறது. வேகன் தாமதித்தால் மணிக்கணக்குப் பார்த்துப் பணம் வாங்குகிறீர்கள். மேடையில் சரக்கு தங்கினால் அதற்கும் கட்டணம் உண்டு. சரி, நனைந்த அரிசிக்கு யார் பொறுப்பு? அங்கே நான் கேட்டவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் சித்தி திருவாரூர் பக்கம் குறுவை நெல் போடுகிறவர். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். குறுவை அறுவடையோ மழையை ஒட்டித்தான் வரும். மழை பிடித்துக்கொண்டால் மாநில அரசே தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுத வேண்டியிருக்கிறது. சித்தி தார் ரோட்டில் நெல்லைக் கொட்டி, காலால் துழாவித் துழாவிக் காயவைப்பார். மேகம் கூடினால் ஓடிவந்து மூடுவார். ராத்திரி நெல் பக்கத்திலேயே படுக்கை. இப்படிக் காய்ந்து, அரவை ஆலைக்குப் போய் அரிசியான தானியத்தை, காவிரிப் பக்கத்திலிருந்து வந்தாலும் வெளி மாநிலத்திலிருந்து வந்தாலும், அரசின் கைக்கு வந்த பிறகு நனையவிடுவதா? எனக்கு மனசு ஆறவில்லை.

இலவச அரிசிதானே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் பல வீடுகளில் இரண்டு வேளைச் சோறு அதுதான். கட்டி விழுந்த அரிசியைப் பக்கத்து வீட்டு அக்கா உதிர்த்துப் புடைத்து, நாலு தண்ணீர் கழுவி உலை வைக்கிறார். அப்படியும் வாடை போகவில்லை என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் விட்ட ஊர் இது. இங்கே சரக்கு மேடைக்கு ஒரு கூரை கேட்பது பெரிய காரியமா? வேகன் கதவிலிருந்து லாரி நிற்கும் இடம் வரை கூரை போடுங்கள். அட்டிக்கு அடியில் மரச்சட்டம் வையுங்கள். மழைக்காலத்தில் லாரி வந்து நின்றபின் மூட்டையை இறக்க ஏற்பாடு செய்து, அதுவரை டெமரேஜ் போடாதீர்கள். அப்புறம் ஒன்று. அடுத்த மழையில் உங்களில் ஒருவராவது நேரில் வாருங்கள். அப்பாவையும் அழைத்து வருகிறேன். எந்தெந்த மூட்டை நனைந்திருக்கிறது என்று அவர் தொட்டுக் காட்டுவார்.