போலீஸ் பயன்படுத்தாத ஆவணங்களின் பட்டியலை முதல் வாய்தாவிலேயே கேளுங்கள்

ஆசிரியருக்கு,

தண்டனை விழுந்த பிறகு, "அரசுத் தரப்பு ஆவணத்தை மறைத்துவிட்டது" என்று மேல்முறையீட்டு மனுவில் எழுதுகிறார்கள். குற்றச்சாட்டு உண்மையாக இருந்தாலும் அது எடுபடுவது அபூர்வம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 511-ஆவது பிரிவின்படி (பழைய சட்டத்தில் 465), நடைமுறைத் தவறால் நீதியே கெட்டுப்போனது என்று காட்டினால்தான் தீர்ப்பு ரத்தாகும். அந்த ஆட்சேபணையை முன்பே எழுப்பியிருக்கலாமே என்றும் மேல் நீதிமன்றம் பார்க்கும்.

2022 நவம்பரில் தமிழகக் கொலை வழக்கொன்றில் இதுவே நடந்தது. மரண தண்டனை உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாட்டுக்குக் காத்திருந்தபோது, போலீஸ் தன் தரப்பில் சேர்க்காத ஆவணங்களைத் தண்டிக்கப்பட்டவர்கள் கேட்டார்கள். விசாரணை முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. உயிர் போகும் வழக்கில் இது கடுமையான முடிவு என்பது எங்கள் கருத்து.

உரிமை இல்லாமல் போகவில்லை. கேட்கும் காலம்தான் தவறியது. சாட்சி வாக்குமூலங்கள், ஆவணங்கள், கைப்பற்றிய பொருள்கள் ஆகியவற்றில் புலனாய்வு அதிகாரி சார்ந்திராதவற்றையும் (வழக்கை நிரூபிக்கப் பயன்படுத்தாதவற்றையும்) பட்டியலில் காட்ட வேண்டும் என்ற வரைவு விதிகளை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஏற்று, ஆறு மாதத்துக்குள் சேர்த்துக்கொள்ளும்படி உயர் நீதிமன்றங்களைப் பணித்தது. விதி வந்ததோ இல்லையோ, பட்டியல் தரப்பட வேண்டும் என்று 2022 மே மாதத் தீர்ப்பு சொன்னது.

எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆஜரான 14 நாளுக்குள் நகல்கள் கிடைக்க வேண்டும். வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் படிவம் 95-இல் (கைப்பற்றியவற்றைப் போலீஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பும் பட்டியல்) உள்ள பொருள்களைக் குற்றப்பத்திரிகைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வாக்குமூலம் தந்தும் சாட்சிப் பட்டியலில் பெயர் இல்லாதவர் யார், எடுத்த செல்போன் அழைப்பு விவரம் எங்கே என்று தேடுங்கள். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் நீதித்துறை நடுவர் போட்ட கையெழுத்தையும் தேதியையும் பாருங்கள். பல வாரம் கழித்து நீதிமன்றம் வந்த வாக்குமூலம் பின்னால் திருத்தப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு இடம் தரும். விடுபட்டதைக் குறிப்பிட்டு, நீதிபதி குற்றச்சாட்டு வனைவதற்கு (முறைப்படி எழுதிப் பதிவதற்கு) முன்பே எழுத்து மனுவாகக் கொடுத்து, உத்தரவும் வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டது மேல்முறையீட்டில் நிற்காது.

சாட்சி விசாரணை முடிந்துவிட்டதா? நீதிமன்ற வசம் இருந்தும் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படாத ஆவணங்களைப் பார்வையிட, நீதிபதி எதிரியைக் கேள்வி கேட்கும் கட்டத்திலும் உரிமை உண்டென்று வி.கே. சசிகலா வழக்கில் 2012-இல் தீர்ப்பாகியுள்ளது. போலீஸ் வசமே இருப்பதை எதிரி தரப்புச் சாட்சியக் கட்டத்தில் பிஎன்எஸ்எஸ் 94-ஆவது பிரிவின் கீழ் வரவழைக்கக் கேட்கலாம். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியத்துக்கு 432-ஆவது பிரிவு உண்டு, ஆனால் அது அரிதாகவே திறக்கும் கதவு.

சட்ட உதவி வழக்கறிஞருக்குக் கட்டு பெரும்பாலும் தாமதமாகத்தான் கிடைக்கிறது. ஆகவே, குற்றச்சாட்டு வனையும் நாளில் "சார்ந்திராத ஆவணப் பட்டியல் எதிரிக்கு வழங்கப்பட்டது" என்பதை விசாரணை நீதிபதிகளே நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும். அதைக் கட்டாயமாக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

— குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர், மதுரை