மின்விசிறி வாங்கும் முன் மாடியைப் பாருங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

வேலூர்ப் பக்கத்தில் பல வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் எழுதுகிறேன். கோடை நெருங்கினால் உங்கள் கூட்டங்களில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது: வகுப்பில் பிள்ளைகள் வெந்துபோகிறார்கள், இன்னும் நாலு மின்விசிறி வாங்கலாமா, நன்கொடை யாரிடம் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான பாடம் உங்கள் பிள்ளைகளின் நடுநிலை வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பாடத்தை வகுப்பறைக் கூரையை வைத்தே நடத்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் அளந்து சொல்வதைப் பார்த்துவிட்டுப் பணத்தைச் செலவு செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

வெயில் சின்ன விஷயம் இல்லை. 2023-இல் ஜூன் முதல் வாரம் திறந்திருக்க வேண்டிய தமிழ்நாட்டுப் பள்ளிகள், இரண்டு முறை தள்ளிப்போய், ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12-இலும் தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14-இலும்தான் திறந்தன.

முதலில் ஒரு கணக்கு. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். இருபதுக்கு இருபது அடி வகுப்பறையின் மொட்டை மாடி சுமார் 37 சதுர மீட்டர். அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 37-ஐ மாடியில் வரிசையாக வைத்து சுவிட்சைப் போட்டது மாதிரி. உள்ளே உட்கார்ந்திருக்கும் உடல்களும் வெப்பம் விடுகின்றன. பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 100 வாட், பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவு. நாற்பது பிள்ளைகளைக் கூட்டினாலும் நாலு இஸ்திரிப் பெட்டிக்கு மேல் போகாது. எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

அந்த 37-இல் எவ்வளவு உள்ளே வரும் என்பது மேற்பரப்பைப் பொறுத்தது. பாசி படிந்து கறுத்த காங்கிரீட் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பரப்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். விழுங்கிய வெப்பம் காங்கிரீட்டுக்குள் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. புத்தகம் இதைத்தான் வெப்பக்கடத்தல் என்கிறது. துகள்கள் இடம் பெயராமல், அதிர்வை மட்டும் பக்கத்துத் துகளுக்குக் கொடுக்கின்றன. இது உடனே நடப்பதில்லை. வெயில் உச்சியில் இருப்பது நண்பகலில், ஆனால் தளத்தின் அடிப்பக்கம் அதிகம் சூடாக இருப்பது பிற்பகலில். கடைசி இரண்டு பாடவேளைகளில் பிள்ளைகள் துவண்டுபோவதற்குச் சோம்பேறித்தனத்தைக் காரணம் சொல்லும் ஆசிரியர்கள் ஒரு முறை அண்ணாந்து பார்க்கலாம்.

அடிப்பக்கம் சூடானதும் அது வெப்பக்கதிர்களைக் கீழே வீசுகிறது. காற்று இல்லாவிட்டாலும் இந்தக் கதிர் வரும்; சூரிய வெப்பம் வெற்றிடத்தைத் தாண்டி நம்மை அடைவதும் இப்படித்தான். 1800-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் (பிரிசம்) பிரித்த ஒளியில் சிவப்பு முடிந்த இடத்துக்கு வெளியே, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் ஒரு வெப்பநிலைமானியை வைத்தார். அங்கேயும் அளவு ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவி நம் உடம்பு விடும் அதே கதிரைத்தான் தொடாமல் அளந்தது. பல பள்ளிகளில் அது இன்னும் அலமாரியில் கிடக்கும். சிலவற்றில் பொருளின் மேற்பரப்பை அளக்கவும் தனிப் பொத்தான் உண்டு. பேட்டரி மாற்றி பிள்ளைகள் கையில் கொடுங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கூரையின் அடிப்பக்கம், சுவர், தரை மூன்றையும் அளக்கட்டும். பளபளக்கும் உலோகத்தில் மட்டும் இந்தக் கருவி ஏமாற்றும், அதை நம்ப வேண்டாம்.

மின்விசிறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது அறையைக் குளிர்விப்பதில்லை. பூட்டிய காலி அறையில் ஓடவிட்டால், மோட்டாரின் சூட்டால் அறை துளி கூடுதலாகத்தான் சூடாகும். நமக்குச் சுகமாக இருப்பது, ஓடும் காற்று வியர்வையை வேகமாக ஆவியாக்குவதால். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் மின்விசிறி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாகி, கூரையும் மேலிருந்து கதிர் வீசும் நாளில், நாலோடு இன்னும் நாலைச் சேர்ப்பதால் பெரிய பலன் வராது.

அப்புறம் வெப்பச்சலனம். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே போகும். அந்தக் காலத்துக் கட்டடங்களில் ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர் வைத்ததற்கு இதுதான் காரணம். இன்று பல பள்ளிகளில் புறா வருகிறது என்று அட்டையை வைத்து அதை அடைத்துவிட்டு, கீழ் ஜன்னலுக்கு முன்னால் பீரோவை நிறுத்தியிருக்கிறார்கள். அட்டைக்குப் பதில் கம்பி வலை, பீரோவுக்கு வேறு சுவர். இதற்கு நன்கொடையே தேவையில்லை.

தேர்வில் "வெப்பம் பரவும் மூன்று முறைகள் யாவை?" என்று கேட்டால் பிள்ளைகள் கரண்டி, கொதிக்கும் தண்ணீர், சூரியன் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். தலைக்கு மேலே மூன்றும் ஒன்றாக நடப்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்காத நம் மேல்தான் குறை. நிறத்தின் வேலையைக் காட்டப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பெஞ்சமின் பிராங்க்ளின் பல நிறத் துணித்துண்டுகளைப் பனியின் மேல் வெயிலில் விரித்து, கறுப்புத் துணி அதிக ஆழத்துக்கு இறங்கியதையும் வெள்ளை இறங்காததையும் 1761-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். நம் ஊரில் பனிக்கு எங்கே போவது? ஒரே அளவு டின்கள் இரண்டு, ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம், மற்றதற்கு வெள்ளை, உள்ளே சம அளவு தண்ணீர், இரண்டு வெப்பநிலைமானி. அரை மணி நேர வெயில் போதும்.

கீற்று போட்டால் குளிர்ச்சிதானே என்று யாராவது சொல்லக்கூடும். குளிர்ச்சிதான். கீற்றுக்குள் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளியில் அந்தப் பேச்சே வேண்டாம். உங்கள் கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருந்தால் அதைத் தேய்க்கவோ துளையிடவோ செய்யாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மாற்றித் தரச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.

போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது குழுவின் வேலை. அந்தத் திட்டத்தில் "மாடிக்கு வெள்ளையடித்தல்" என்று ஒரு வரி சேருங்கள். வருடா வருடம் சேர்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சுண்ணாம்பு மழையில் கரையும், புழுதியில் மங்கும். மழைக்காலம் முடிந்த பிறகு, பிப்ரவரியில் விரிசல்களைப் பூசி, பாசியைச் சுரண்டி, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடியுங்கள். கூடுதல் பணம் இருந்தால், வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சுகள் கடையில் கிடைக்கின்றன, அவை நீண்ட நாள் வரும். மாடி ஏறும் வேலை பெரியவர்களுடையது, பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும். எல்லா வகுப்பு மாடிக்கும் ஒரே நாளில் அடித்துவிடாதீர்கள். அடிக்கும் முன் ஒரு எண், அடித்த பின் ஒரு எண் என்று ஒப்பிட்டால், இடையில் மேகம் வந்ததா, காற்று மாறியதா என்று சொல்ல முடியாது. பக்கத்து வகுப்பின் மாடியை இரண்டு வாரம் அப்படியே விட்டு, இரண்டு கூரைகளையும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் அளக்கட்டும். அந்த வகுப்புப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களுக்கும் அடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்