கேழ்வரகு முளைத்த பெத்லகேம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்துக் கடைகளில் ரெடிமேட் கிறிஸ்துமஸ் குடில்கள் குவிந்திருப்பதாக உங்கள் நாளிதழில் படித்தேன். வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணமாகி 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி இங்கே வந்த பிறகு நானும் வாங்கினவள்தான்.

பிறந்தது ஏற்காட்டில், காப்பித் தோட்ட லைன் வீட்டில். டிசம்பர் என்றால் பழம் பறிக்கும் காலம். பகலெல்லாம் பறித்துவிட்டு இரவில்தான் அம்மா குல்குல் போட உட்காருவார். மைதாவும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலில் பிசைந்து, கோலி அளவு உருட்டி, சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்ட வேண்டும். அந்தச் சீப்பு அதற்கென்றே வாங்கினது. தலை வாரினால் அடி விழும். நான் சுருட்டியவை எண்ணெயில் விழுந்ததும் விரிந்துகொள்ளும். "இதெல்லாம் உனக்கு" என்று தனியாக எடுத்து வைப்பார்.

குடிலுக்குச் செலவே இல்லை. பாசி, தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் சுரண்டினது. புல்லுக்கு, பத்து நாள் முன்பே ஊறவைத்த கேழ்வரகைத் தட்டில் மண் பரப்பித் தூவிவிடுவோம். எப்படித் தண்ணீர் தெளிப்பது என்று சொல்லிக் கொடுத்தவர், மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும் பக்கத்து வீட்டு அக்கா. கால் ஒடிந்த ஆட்டுக்குட்டிக்குக் காப்பிக்கொட்டையை முட்டுக் கொடுப்போம். தொட்டில் மட்டும் காலி. நள்ளிரவுப் பூசை முடிந்து, கை விறைக்க வீடு திரும்பிய பிறகுதான் பாலன் இயேசு சொரூபம். யார் வைப்பது என்று எனக்கும் தம்பிக்கும் சண்டை நடக்கும். அந்தக் காலித் தொட்டிலைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பண்டிகை வந்தது. நான் வாங்கிய கடைக் குடிலில் பாலன் ஒட்டியே வந்துவிட்டார்.

போன வருடம் எங்கள் பகுதிப் போட்டியில், மோட்டார் வைத்து அருவி ஓடவிட்ட குடிலுக்கு முதல் பரிசு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் இருந்தது தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. போட்டி நடத்துகிறவர்கள், கடையில் எதுவும் வாங்காத குடிலுக்கென்று ஒரு பரிசு வைத்தால் என்ன?

இந்த வருடம் எங்கள் வீட்டில் பேத்தி கேழ்வரகு தூவினாள். மொட்டை மாடியில் வைத்த தட்டைக் குருவிகள் காலி செய்துவிட்டன. சரி என்று மறுபடி தூவி, சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். நேற்றுதான் வெள்ளையாக முளை தெரிந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.